மலை இறங்கிய டி.வி.எஸ். 50 ஜாம் ஆகிவிட்டது: பிஸ்டனை மாற்றினால் போதுமா?

பூண்டுத்தோட்டம், கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். அப்பா 1988-இல் வாங்கிய டி.வி.எஸ். 50 எங்கள் வீட்டில் இருக்கிறது. மிதித்துக் கிளப்பும் பழைய வண்டி. அப்பா போன பிறகு சாக்குப் போர்த்தி 14 மாதம் மாட்டுக்கொட்டகையில் நின்றது. தை மாதம் வெளியே எடுத்து, தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். பிளக்கை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, "புகை அதிகம், மலைக்கு இது போதும்" என்று சின்ன ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) போட்டுக் கொடுத்தார். கோத்தகிரிக்குள் நன்றாகவே ஓடியது.

சென்ற வியாழக்கிழமை 20 கிலோ பூண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பினேன். 33 கிலோமீட்டர். அரவேணு தாண்டினால் பெரும்பாலும் இறக்கம்தான். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று ஆக்ஸிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்டு, பிரேக்கிலேயே இறங்கினேன். குஞ்சப்பனையில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, ஆக்ஸிலரேட்டரை விட்டிருந்தும் இன்ஜின் சத்தம் இறங்காமல் ஓங்கியே நின்றது. சிறிது நேரத்தில் தானாக அடங்கிவிட்டதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலை முடிந்து சமதளம் வந்ததும் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தேன். இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். சத்தம் கம்மியது, பின்சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது. ஓரமாக உருட்டி நிறுத்தி மிதித்துப் பார்த்தால் கல்லாக இருந்தது. அரை மணி நேரம் ஆறிய பிறகு கிளம்பியது; ஆனால் உள்ளே 'கிணுகிணு' என்று ஒரு சத்தம். பூண்டை ஒரு வேனில் ஏற்றிவிட்டு, திரும்பும்போது அதே வேனில் வண்டியையும் போட்டுக்கொண்டு வந்தேன்.

காட்டிய இடத்தில் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நானே ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றினேன். பிஸ்டனில் சைலென்சர் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குச் செங்குத்தான கீறல். மற்ற பக்கங்கள் சுத்தம். ஒரு ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடக்கிறது. ஆயில் குறையவில்லை: லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில், நானே அளந்து ஊற்றினேன். அப்படியிருந்தும் ஏன் ஜாம் ஆனது? பிஸ்டனை மட்டும் மாற்றினால் போதுமா?

மலைச்சாலை, கூடலூர்

அக்கா, பிஸ்டன், ரிங், பின் எல்லாம் செட்டாகவே கிடைக்கும். வாங்கிப் போட்டுவிடுங்கள், ஒரு மணி நேர வேலை. என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன்.

பழைய பட்டறை, குன்னூர்

அம்மா, நீங்களே கழற்றிப் பார்த்தது மிகவும் நல்லது. தம்பி சொன்னபடி மாற்றினால் வண்டி ஓடும். ஆனால் ஜாம் ஆன காரணம் உள்ளேயே இருந்தால், அது புதுப் பிஸ்டனையும் தின்றுவிடும். எதையும் வாங்குவதற்கு முன் பழைய பிஸ்டனைப் படியுங்கள்.

கீறல் நான்கு மூலையிலும் இருந்தால், இன்ஜின் சூடேறுவதற்குள் விரட்டியிருக்கிறார்கள், அல்லது போர் (சிலிண்டரின் உள்துளை) இறுக்கமாக இருக்கிறது. கார்பரேட்டர் பக்கம் மட்டும் என்றால் ஆயில் எட்டவில்லை. சைலென்சர் பக்கம் மட்டும் என்றால் அது மீறிய சூடு. பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிட்டது. உங்களுடையது இந்தக் கடைசி வகை.

காற்று எப்படிக் கூடியது? கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்திருப்பதால் சமதள ஜெட் அங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும், புகையும். சின்ன ஜெட் போட்டவர் மலைக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். அதே ஜெட்டோடு கீழே அடர்ந்த காற்றில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பெட்ரோல் போதாது.

அதற்கு முன்பே இறக்கத்தில் ஒரு கேடு நடந்துவிட்டது. இந்த வண்டிக்கு ஆயில் தனியாகப் போவதில்லை. பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டு இறங்கும்போது சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் உள்ளே போகும் கலவை சொட்டுக்கணக்குத்தான். டேங்கில் 40 மில்லி கலந்திருந்தும் சிலிண்டர் சுவர் காய்ந்துபோகும். காய்ந்த சுவரோடு நீங்கள் சமதளத்தில் விரட்டியிருக்கிறீர்கள்.

இருந்தாலும் எனக்கு உறுத்துவது குஞ்சப்பனையில் நீங்கள் கேட்ட சத்தம்தான். சூடான பிறகு ஐடிலிங் தானாக ஓங்கினால் எங்கோ திருட்டுக்காற்று புகுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறையே கலவையைத் தள்ளும் பம்ப். அது இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். 14 மாதம் நின்ற வண்டியில், கிராங்கின் இரு பக்கத்தையும் மூடும் ஆயில் சீலின் ரப்பர் விறைத்துப்போயிருக்கும். மேக்னெட்டை (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) கழற்றிப் பின்னால் பாருங்கள். அங்கே ஆயிலும் பெட்ரோலுமாக ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டவே தட்டாதீர்கள், கிராங்க் கோணிவிடும். மறுபக்க சீல் போனால் அறிகுறி வேறு: கிளட்ச் பக்க ஆயில் உறிஞ்சப்பட்டு வெள்ளைப்புகை வரும், அந்த ஆயில் மட்டமும் குறைந்துகொண்டே போகும். மாற்றும்போது இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அந்தத் திசையில் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் தவறில்லை.

சிலிண்டரில் விரல்நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் போர் செய்ய (உள்துளையைக் கடைந்து அகலமாக்க) வேண்டும்: 0.25, போதாவிட்டால் 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ். முதலில் பிஸ்டனை வாங்கிவிட்டு, அதையும் கையோடு லேத்துக்குக் கொண்டுபோங்கள்; பிஸ்டனை அளந்துதான் போர் செய்ய வேண்டும். போர் செய்த பிறகு போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போகும் துளைகள்) விளிம்பு கத்திபோல இருக்கும். அந்தக் கூர்மையை லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ரிங் அங்கே மாட்டி உடைவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை (ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ளது) ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டால் அளந்துகொள்ளுங்கள். இந்த அளவு இன்ஜினுக்கு 0.15 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலென்சரைப் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், பள்ளத்தில் உள்ள சிறு முளையில் சரியாக உட்கார வேண்டும். பின் லாக்குகள் புதியவையாக இருக்கட்டும். அவற்றைப் போடும்போது கிராங்க் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள்; லாக் உள்ளே விழுந்தால் முழு இன்ஜினையும் பிரிக்க நேரும்.

பெருமாள்மலை, கொடைக்கானல்

பட்டறை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் வாரம் ஒருமுறை வத்தலக்குண்டு இறங்குகிறேன். சின்ன ஜெட் போடுவதே இல்லை. சமதள ஜெட்டை வைத்துக்கொண்டு, மேலே இருக்கும்போது கார்பரேட்டர் ஊசியான நீடிலின் லாக்கை ஒரு பள்ளம் மேலே ஏற்றிவிடுவேன். நீடில் கீழே இறங்கிப் பெட்ரோல் குறையும். இறங்குவதற்கு முன் பழைய பள்ளத்துக்கே மாற்றிவிடுவேன். பத்து நிமிட வேலை. முழு ஆக்ஸிலரேட்டரில் ஜெட்தான் பேசும் என்பதால், கீழே போகிறவருக்குச் சின்ன ஜெட் ஆபத்து. மேலே கொஞ்சம் புகைத்தால் புகைக்கட்டும்.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. நம் ஊர் மூடுபனியில் நின்ற வண்டியின் டேங்கில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். டேங்கை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

பழைய பட்டறை, குன்னூர்

கொடைக்கானல் நண்பர் சொல்வது சரி. கீழே போகும் பழக்கம் உள்ள வண்டிக்கு நானும் பெரிய ஜெட்டைத்தான் வைப்பேன்.

பூண்டுத்தோட்டம், கோத்தகிரி

மூன்று வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னியுங்கள். புல்லரை இரவல் வாங்கி மேக்னெட்டைக் கழற்றினேன். பின்னால் கருப்பாக, பிசுபிசுவென்று ஈரம். சீலைத் தொட்டதும் உதடு பிளாஸ்டிக்போல உடைந்தது. சிலிண்டரில் நகம் சிக்கியது. கோயம்புத்தூரில் 0.50 போர் செய்தேன். விளிம்பை மழுக்கச் சொன்னபோது லேத்காரர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு என் கண்முன்னே பொறுமையாகச் செய்து தந்தார். ரிங் இடைவெளி 0.20.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் அப்பாவின் நினைவு வந்தது. அவர் பின்னால் உட்கார்ந்து நான் மேட்டுப்பாளையம் போன நாட்களில், இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒருமுறை 'விர்'ரென்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விடுவார். குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறார் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சிலிண்டருக்கு ஆயில் கொடுத்திருக்கிறார்.

சமதள ஜெட்டையே திரும்பப் போட்டுவிட்டேன். முதல் இரண்டு டேங்குக்கு லிட்டருக்கு 40 மில்லி, பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் இல்லை. 15 நிமிடம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி ஓட்டினேன். இதுவரை 180 கிலோமீட்டர். பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறது, ஐடிலிங் ஓங்கவில்லை. ஆனால் கட்டபெட்டு ஏற்றத்தில் கொஞ்சம் திணறுகிறது. சைலென்சர் அடைப்பாக இருக்குமா?

பழைய பட்டறை, குன்னூர்

மிக்க மகிழ்ச்சி அம்மா. பழைய வண்டி, கட்டாயம் கரி பிடித்திருக்கும். சைலென்சரின் உள்குழாயை உருவிக் கரியைச் சுரண்டி எடுங்கள். வெளிக்கூடு வெறும் இரும்புதானா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறவிடலாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. ஹெட், பிஸ்டன் போன்ற அலுமினியப் பொருள் எதுவும் அந்தக் கரைசலில் படக் கூடாது, அரித்துவிடும். சிலிண்டரின் சைலென்சர் போர்ட்டில் கரி இருந்தால், பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு மரக்குச்சியால் எடுங்கள்.