மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடும் மலை நடை: மதுரையில் எது முதலில்?

புதூர்வாசி:
பெரியவங்க ரெண்டு பேர், 9 வயசு, 12 வயசுப் பிள்ளைங்க ரெண்டு பேர். ஞாயித்துக்கிழமை விடியக் கிளம்பி மதியச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துடணும். சமணர் மலை, யானைமலை, அரிட்டாபட்டி, சிறுமலைன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எதுல தொடங்கலாம்? தண்ணி எவ்வளவு? அனுமதி வேணுமா?

குயில்குடிப் பக்கம்:
சமணர் மலைதாங்க. கீழக்குயில்குடி அய்யனார் கோயில், தாமரைக்குளம், ஆலமரம் எல்லாம் ஒரே இடம், வண்டியை அங்கேயே விடலாம். கோயிலுக்குப் பின்னாடி பாறையில வெட்டின படி, கைப்பிடிக் கம்பியோட. பாதி மலையில இருக்கிற பேச்சிப்பள்ளம் வரைக்கும் பிள்ளைங்க சிரமமில்லாம ஏறிடுவாங்க. சுனைக்குப் பக்கத்துல சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையா இருக்கும், கீழே வட்டெழுத்துங்கிற பழைய தமிழ் எழுத்து. அதுக்கு மேல சரிஞ்ச மொட்டைப்பாறை. செட்டிப்புடவுங்கிற சமணக் குகை மலையோட தென்மேற்குப் பக்கம். அதை அடிவாரத்துல சுத்திப் போய்ப் பாருங்க. உச்சியிலிருந்து குறுக்கே இறங்க நினைச்சா அங்கதான் வம்பு. ஏறும்போது அடுத்த அடி கண்ணுக்கு முன்னாடி இருக்கும். இறங்கும்போது பாறை வளைஞ்சு மறைச்சுடும், பொருக்கு விட்ட சில்லு காலுக்கடியில நழுவும்.

வெளிச்சம் வந்ததும் ஏறி, எட்டரைக்கு இறங்க ஆரம்பிச்சுடணும். பங்குனி, சித்திரைன்னா எட்டுக்கே கீழே இருக்கணும். பாறை வெயிலை வாங்கி வச்சுக்கிட்டுத் திருப்பி அடிக்கும், மேல ஒதுங்க நிழலும் கிடையாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி, கோடையில 2 லிட்டர். சுனைத்தண்ணியைக் குடிக்காதீங்க. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைத் தூள்) கொண்டு போனா, 1 லிட்டர் தண்ணிக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டில்ல கொட்டாதீங்க. உப்பு கூடிப் போய் வாந்திதான் வரும்.

மேலூர் ரோடு:
மேல சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு: மழை. பாறையில மேலிருந்து கீழே கறுப்பா கோடு ஓடும் பாருங்க, அது மழைத்தண்ணி இறங்கற தடம். காஞ்சா ஒண்ணும் செய்யாது. நனைஞ்சா பாசி சோப்பு மாதிரி ஆயிடும். மழைக்கு மறுநாள் காஞ்சு தெரிஞ்சாலும் அந்தக் கோட்டுல கால் வைக்காதீங்க.

யானைமலை உச்சி பிள்ளைங்களுக்கு வேண்டாம். அடிவாரத்துல நரசிங்கம் குடைவரைக் கோயிலோட நிறுத்திக்கலாம்.

ரெண்டாவது தடவைக்கு அரிட்டாபட்டி. தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம், 2022 நவம்பர்ல அறிவிச்சது. குடைவரைச் சிவன் கோயில், லகுலீசர் (சிவனோட ஒரு வடிவம்) சிற்பம், கழிஞ்சமலையில தமிழிங்கிற ஆதித் தமிழ் எழுத்து எல்லாமே அதிக ஏற்றமில்லாம பார்த்துடலாம். லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு இருக்கிற இடம், பைனாகுலர் இருந்தா எடுத்துக்கோங்க. ட்ரோன் வேண்டாம்.

குகை விதானத்துல மலைத்தேனீக் கூடு இருக்கான்னு முதல்ல அண்ணாந்து பாருங்க. சென்ட், புகை, கூச்சல் கூடாது. கிளம்பிடுச்சுன்னா அடிச்சுக் கொல்லாதீங்க, அந்த வாசனைக்கே மத்ததும் வரும். துண்டால முகத்தையும் கழுத்தையும் மூடிக்கிட்டு வந்த வழியே விலகுங்க.

வாடிப்பட்டி:
அனுமதி பத்தி. சிறுமலை, அழகர்மலை ரெண்டும் காப்புக்காடு. அழகர்கோவில்லருந்து பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் தார் ரோட்டுலயே நடக்கலாம். கையில தின்பண்டம் தெரிஞ்சா குரங்கு பிடுங்கிடும். ரோட்டை விட்டுக் காட்டுக்குள்ள இறங்கினா அது அத்துமீறல். 2018 மார்ச் 11 தேனி மாவட்டக் குரங்கணி மலையில ட்ரெக்கிங் போனவங்க சிக்கின காட்டுத்தீக்கு அப்புறம் விதிகள் கடுமை. வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு தளத்துல பதிவு செஞ்சா வழிகாட்டியோட போகலாம், ஆனா தீக்காலத்துல மூடிடுவாங்க. குட்லாடம்பட்டி அருவியில ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம்தான் தண்ணி. பங்குனியில போய்ட்டு அருவியையே காணோம்னு சொல்லக்கூடாது.

புதூர்வாசி:
அப்ப சமணர் மலைதான். செருப்பு போதுமா?

குயில்குடிப் பக்கம்:
பேச்சிப்பள்ளம் வரை பின்பட்டை வச்ச செருப்பு போதும். கீழே புதர்ப் பக்கம் ஒதுங்கினா சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைச்சுடும், அதனால ஷூவே நல்லது. அடிப்பாகம் தேயாததா பாருங்க. பாறை இடுக்குல பார்க்காம கை விடக்கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி வைங்க. சுருட்டை விரியன் அங்கதான் சுருண்டு கிடக்கும். அப்புறம், முந்தின நாள் கால் நகத்தை வெட்டிடுங்க. இறங்கும்போது பெருவிரல் ஷூ முனையிலேயே இடிக்கும்.