சைலான் சஸ்பெண்டட்டா, இன்வெர்ட்டட்டா? படங்களை வகைபிரிக்க உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூர் செந்தோசா யூனிவர்சல் ஸ்டூடியோஸில் எடுத்த ரோலர் கோஸ்டர் படங்களை வகைவாரியாக அடுக்குகிறேன். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற இரட்டைத் தடக் கோஸ்டரில் சிவப்புத் தடம் ஹியூமன், உட்கார்ந்து போகும் வகை, அதில் குழப்பமில்லை. நீலத் தடமான சைலானில் கால் தொங்குவதால் சஸ்பெண்டட் என்று போட்டேன். நண்பர் இன்வெர்ட்டட் என்கிறார். அங்குள்ள கேனபி ஃப்ளையர் என்ற கோஸ்டரும் தொங்கித்தான் போகிறது, அதுவும் இதுவும் ஒன்றா? கட்டடத்துக்குள் ஓடும் மம்மி கோஸ்டருக்கு ‘இண்டோர்’ என்று மட்டும் போட்டால் போதுமா? இன்னொன்று, சைலான் படங்கள் எல்லாமே கறுப்பு நிழலாக விழுகின்றன.

மறுமொழி 1:
நண்பர் சொல்வதுதான் சரி. கால் தொங்குவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சக்கரக் கூட்டுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள இணைப்பைப் பாருங்கள். அங்கே கீல் இருந்து பெட்டி பக்கவாட்டில் ஊசலாடினால் சஸ்பெண்டட். 1981இல் அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் வந்த தி பேட் அந்த வகை. இறுக்கமாகப் பிணைத்திருந்தால் இன்வெர்ட்டட். 1992இல் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவில் பேட்மேன் தி ரைடு அந்த வகையைத் தொடங்கிவைத்தது. சைலான் ஐந்து முறை தலைகீழாகப் புரள்கிறது. ஊசலாடும் பெட்டியை அப்படிப் புரட்ட மாட்டார்கள்.

கேனபி ஃப்ளையரை உங்கள் படத்திலேயே சோதிக்கலாம். வளைவில் வண்டி நேரெதிரே வரும் படத்தை எடுத்து, இரண்டு தண்டவாளங்களையும் இணைத்து ஒரு கோடு, இருக்கை முதுகின் நடுவே ஒரு கோடு போடுங்கள். எல்லா வளைவிலும் இரண்டும் செங்கோணத்தில் நின்றால் பிணைப்பு இறுக்கம். கோணம் மாறிக்கொண்டே இருந்தால் ஊசல். ஒரே படத்தை நம்ப வேண்டாம், குறைந்தது மூன்று படங்களைப் பாருங்கள்.

மறுமொழி 2:
ஒரு வண்டிக்கு ஒரே பெயர் என்று அடுக்கினால் எப்படியும் சிக்கல் வரும். தண்டவாளம், இருக்கை, உந்துவிசை, தட அமைப்பு என்று பட்டியலில் நான்கு பத்தி (காலம்) வையுங்கள். மம்மி அப்போது ‘எஃகு, உட்காருவது, லாஞ்ச் (இயந்திரம் உந்தி ஏவுவது), உள்ளரங்கம்’ ஆகிவிடும். தண்டவாளப் பத்தியில் தாங்கும் தூண்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் பூங்காவிலுள்ள ஜெமினி கோஸ்டருக்குத் தூண்கள் மரம், தண்டவாளம் எஃகுக் குழாய். அது எஃகு வகைதான்.

கேலக்டிகாவை நீங்கள் ‘ட்யூலிங்’ (இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று நெருங்கி ஓடும் வகை) என்று போடுவீர்கள். இரண்டு ரயிலும் ஒரே நேரத்தில் கிளம்பினால்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்பது என் கருத்து. பாரம் கூடிய ரயில் வேகமாக ஓடிவிடும் என்பதால் 1999இல் ஆர்லண்டோவில் வந்த ட்யூலிங் டிராகன்ஸில் எடை பார்த்துத்தான் புறப்பாட்டை ஒத்திசைத்தார்கள். 2011இல் அந்த ஒத்திசைவு நின்றது. அதன்பின் அங்கே ஓடியவை அடுத்தடுத்த இரண்டு கோஸ்டர்கள்தான்.

மறுமொழி 1:
ஒப்பமாட்டேன். எதிரெதிரே உரசுவதுபோல் வரும் இடங்களை வரைபடத்திலேயே அமைத்திருக்கிறார்கள். மழைநாளில் ஒரு பக்கத்தை நிறுத்தினால் வகை மாறிவிடுமா? ‘ட்யூலிங்’ என்பது தடத்தின் குணம். இயக்கத்தைக் குறிப்பாக எழுதிக்கொள்ளலாம்.

மறுமொழி 3:
நிழல் பிரச்சினைக்கு வருகிறேன். நம்மூர் வானம் மேகமூட்டத்திலும் வெள்ளையாகக் கூசும். கேமரா வானத்துக்கு அளவெடுத்து வண்டியின் அடிப்பாகத்தை இருட்டாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +1.5 வரை ஏற்றுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். நடுப்பகல் வெயில் தலைக்கு நேர் மேலே இருக்கும். காலையில் பூங்கா திறந்ததுமோ மாலை 5 மணிக்கு மேலோ எடுங்கள்.

ஹியூமன் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர். 1/250 நொடி ஷட்டரில் வண்டி 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், 1/1000இல் 2.5. இணைப்பைத் தெளிவாகக் காட்ட 1/1600க்குக் கீழே இறங்காதீர்கள். ஏர்கான் வரிசையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனிக்கும். துடைத்தாலும் மறுபடி பனிக்கும். பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு எடுங்கள். வண்டியில் ஏறும்போது போனோ கேமராவோ கூடாது, லாக்கரில் வைத்துவிடுங்கள்.

தேதி தெரியாத பழைய கேலக்டிகா படம் இருந்தால் இருக்கைகளை எண்ணுங்கள். வரிசைக்கு நான்கு என்றால் 2013 ஜூலையில் மூடியதற்கு முந்தையது. வரிசைக்கு இரண்டு என்றால் 2015 மே மாதம் திறந்ததற்குப் பிந்தையது.