நிதி உதவி ஆபீஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

ஏரிக்கரை:

அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் ஃபைனான்ஷியல் எய்டு ஆபீஸ். புதிதாக இரண்டு பேர் சேர்கிறார்கள். ஒருவர் வங்கியில் இருந்தவர், இன்னொருவர் அட்மிஷன்ஸில் இருந்தவர். ஃபெடரல் விதிகள் இருவருக்குமே புதிது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின் கடன் மாற்றங்கள் 2026 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. எங்கள் ஃபால் செமஸ்டர் ஆகஸ்ட் 24 முதல் டிசம்பர் 11 வரை. நவம்பர் 24 செவ்வாய் வரை வகுப்பு, தேங்ஸ்கிவிங் முடிந்து 30-ம் தேதி திங்கள் மறுபடி தொடக்கம். சனி, ஞாயிறு வகுப்புகள் கிடையாது.

போன ஆடிட்டில் ஆர்2டி4 கணக்கில் (இடையில் விலகும் மாணவர் ஈட்டாத ஃபெடரல் உதவியைத் திருப்பும் கணக்கு) குறை சொன்னார்கள். வெபினார்களைப் பார்க்கச் சொல்லி விட்டுவிட்டால் போதுமா? எந்த வரிசையில் பயிற்சி கொடுப்பது?

கணக்குமேசை:

ஆடிட்ல ஆர்2டி4-ல குறை வந்திருக்குன்னா பயிற்சியை அங்கிருந்தே தொடங்குங்க. பலரும் இதைக் கடைசியில வைப்பாங்க, அது தப்புன்னு நினைக்கிறேன். மாணவர் தகுதி, பெல் (வருமானம் குறைஞ்சவங்களுக்குக் கடனா இல்லாம கொடுக்கிற ஃபெடரல் கிராண்ட்) தொகை, கடன், காலேஜ் கட்டணம் எல்லாம் வந்து சேருற இடம் இதுதான். ஒரு ஃபைலை முழுசா கையால போடத் தெரிஞ்சவங்களுக்கு மத்தது சீக்கிரம் பிடிபடும்.

உங்க காலண்டரையே எடுத்துக்கலாம். ஆகஸ்ட் 24-லிருந்து டிசம்பர் 11 வரை, சனி ஞாயிறு சேர்த்து 110 நாள். தொடர்ந்து 5 நாள் அல்லது அதுக்கு மேல விடுமுறை இருந்தா அதைக் கழிக்கணும். உங்களுக்கு நவம்பர் 25 புதனிலிருந்து 29 ஞாயிறு வரை சரியா 5 நாள். ஆக மொத்த நாள் 105. புதன்கிழமை வகுப்பு வச்சிருந்தா விடுமுறை 4 நாள்தான், கழிக்கக் கூடாது, 110 அப்படியே நிக்கும். ரெஜிஸ்ட்ரார் காலண்டர்ல ‘நவம்பர் 26, 27 விடுமுறை’ன்னு மட்டும் போட்டிருப்பாங்க. அதைப் பார்த்து சாஃப்ட்வேர்ல ஏத்தினவர் புதன்கிழமையைக் கவனிச்சிருக்க மாட்டார். அந்த செமஸ்டர்ல இடையில விட்ட அத்தனை பேர் கணக்கும் தப்பாகும். ஆடிட்டர் ஒரு ஃபைல்ல கண்டுபிடிச்சா போதும், எல்லா ஃபைலையும் திரும்பப் போடச் சொல்வாங்க.

இப்ப ஒரு மாணவர் அக்டோபர் 2-ல விலகுறார்னு வைங்க. ஆகஸ்ட்ல 8, செப்டம்பர்ல 30, அக்டோபர்ல 2, மொத்தம் 40 நாள். விடுமுறை இன்னும் வரல, அதனால இந்த 40-ல ஒண்ணும் கழிக்க வேண்டாம். 40-ஐ 105-ஆல வகுத்தா 38.1%. அவருக்குக் கொடுத்தது பெல் 3,500, கடன் கைக்கு வந்தது 2,700, ஆக 6,200 டாலர். அதுல அவர் ஈட்டினது 2,362.20. ஈட்டாதது 3,837.80.

காலேஜ் திருப்ப வேண்டியது வேற கணக்கு: காலேஜ் கட்டணம் 5,000-ல ஈட்டாத பங்கு 61.9%, அதாவது 3,095. இதுவும் ஈட்டாத தொகையும் எது குறைவோ அதைத்தான் காலேஜ் திருப்பணும், அதனால 3,095. வரிசை முக்கியம். முதல்ல அன்சப்சிடைஸ்டு கடன் (படிக்கும்போதே வட்டி ஏறுறது), அப்புறம் சப்சிடைஸ்டு (படிக்கும்போது வட்டியை அரசு ஏத்துக்கிறது), அப்புறம் பிளஸ் (பெற்றோர் வாங்குற கடன்), அதுக்கப்புறம்தான் பெல். இங்க 2,700 கடனுக்குப் போகும், மிச்சம் 395 பெல்லுக்கு. மாணவர் பங்கு 742.80 பெல் மேல நிக்குது. ஆனா கிராண்ட்ல பாதியை, இங்க 1,750-ஐ, கழிச்சுட்டுத்தான் மாணவரிடம் கேட்கலாம். கழிச்சா ஒண்ணுமே வராது, அவர் ஃபெடரலுக்கு எதுவும் திருப்ப வேண்டாம். புதுசா வர்றவங்க இந்தக் கடைசிப் படியைத்தான் மறந்துட்டு மாணவருக்குக் கடிதம் அனுப்பிடுவாங்க.

இதே ஃபைலை 110-ல போட்டா 36.4% வரும். காலேஜ் திருப்புறது 3,180 ஆகும். கூடுதலாப் போன 85 டாலர் அவர் பெல்லிலிருந்து போகுது, காலேஜுக்கு அவர் வைக்கிற பாக்கியில அந்த 85-ம் சேருது. தொகை சின்னதா தெரியலாம். பாக்கி இருந்தா அடுத்த செமஸ்டருக்குப் பதிவு பண்ண விடாத காலேஜ் நிறைய.

செமஸ்டர்ல 60% நாளைத் தாண்டிட்டா உதவி முழுசையும் ஈட்டினதா கணக்கு. அந்த 60% கோடும் அதே மாதிரி நகரும். 105-ல 63-ம் நாள் சரியா 60%, அதைத் தாண்டணும். அதனால 64-ம் நாளான அக்டோபர் 26-லிருந்து விலகுறவருக்குத் திருப்ப ஒண்ணுமில்ல. 110-ல போட்டா அது அக்டோபர் 29-க்குப் போயிடும். நடுவுல இருக்கிற மூணு நாள்ல விலகினவங்க அநியாயமா மாட்டுவாங்க.

பணத்தைத் திருப்ப, விலகினார்னு காலேஜ் தீர்மானிச்ச தேதியிலிருந்து 45 நாள். விலகின தேதியும் தீர்மானிச்ச தேதியும் வேற வேற, ரெண்டையும் ஃபைல்ல தனித்தனியா எழுதச் சொல்லிக்கொடுங்க. வருகைப் பதிவு கட்டாயமா இருக்கிற காலேஜ்னா கடைசியா வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள்ள தீர்மானிச்சாகணும்.

லோன்வாசல்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கடன் பக்கம் மட்டும் சேர்க்கிறேன். கம்யூனிட்டி காலேஜ் என்பதால் கிராஜுவேட் பிளஸ் (முதுநிலை மாணவர்களே வாங்கும் பிளஸ் கடன்) நிறுத்தம், முதுநிலைக்கு ஆண்டுக்கு 20,500, புரொஃபஷனல் படிப்புகளுக்கு 50,000 என்ற வரம்புகள் உங்கள் கவுன்டருக்கு வராது. ஒரு முறை படித்துவிட்டு நகரலாம். உங்களை நேராகத் தொடுவது மூன்று.

முதலாவது, பகுதிநேர மாணவர்களின் கடன். இதுவரை ஆறு கிரெடிட் எடுத்தாலும் செலவுக் கணக்கு (படிக்க ஆகும் மொத்தச் செலவின் மதிப்பீடு) இடம் கொடுத்தால் ஆண்டு வரம்பு முழுவதையும் வாங்க முடிந்தது. இனி முழுநேரத்துக்கு எவ்வளவு குறைவாகப் படிக்கிறாரோ அந்த விகிதத்தில் ஆண்டு வரம்பும் குறையும். பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவருக்கு வரம்பு 5,500. முழுநேரம் ஆண்டுக்கு 24 கிரெடிட் என்று வைத்து, அவர் செமஸ்டருக்கு 9 வீதம் 18 எடுத்தால் 75%, அதாவது 4,125. கம்யூனிட்டி காலேஜில் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். ஆகையால் இந்தச் சட்டத்தில் உங்கள் மாணவர்களை அதிகம் பாதிக்கப்போவது இதுதான். ஆகஸ்டில் பில் பார்த்துத் திகைப்பதற்குப் பதில், உதவிக் கடிதம் அனுப்பும்போதே எத்தனை கிரெடிட்டுக்கு இந்தத் தொகை என்று எழுதிவிடுங்கள். அரைநேரத்துக்குக் கீழே போனால் கடனே கிடையாது என்ற பழைய விதியும் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது, பேரன்ட் பிளஸ். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. அம்மா, அப்பா இருவரும் தனித்தனியாக வாங்கினாலும் சேர்த்துத்தான் கணக்கு. 2026 ஜூன் 30 அன்று அந்தப் படிப்பில் சேர்ந்திருந்து, அந்தப் படிப்புக்காக ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தால், மூன்று ஆண்டு அல்லது படிப்பு முடிய மீதமுள்ள காலம், இவற்றில் எது குறைவோ அதுவரை பழைய வரம்பு தொடரும். உங்களிடம் இரண்டாண்டு படித்துவிட்டு நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கூடவே போகாது, ஏனென்றால் அது குறிப்பிட்ட கல்லூரியில் குறிப்பிட்ட படிப்புக்கு. இதைச் சொல்ல வேண்டிய இடம் உங்கள் ஆபீஸ்தான். மாறிப்போன பிறகு அந்தக் கல்லூரியில் கேள்விப்பட்டால் குடும்பத்துக்கு வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது.

மூன்றாவது, வொர்க்ஃபோர்ஸ் பெல். 150 முதல் 599 கிளாக் அவர் (பயிற்சி நடக்கும் மணி நேரம்) வரை, 8 வாரத்துக்குக் குறையாமலும் 15 வாரத்தை எட்டாமலும் இருக்கும் குறுகிய பயிற்சிகளுக்குப் பெல் கிடைக்கும். ஆனால் கவர்னரின் ஒப்புதல் வேண்டும், பயிற்சி குறைந்தது ஓராண்டு நடந்திருக்க வேண்டும், முடிப்பவர் விகிதமும் வேலை கிடைத்தவர் விகிதமும் 70% வேண்டும். வெல்டிங், நர்ஸ் எய்டு வகுப்புகளுக்கு விளம்பரம் போடுகிற பிரிவு, ஒப்புதல் வருமுன் ‘பெல் உண்டு’ என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்லில் இன்னொன்று: எஸ்.ஏ.ஐ. எண் (குடும்பத்தின் வசதியை வைத்து உதவி விண்ணப்பத்திலிருந்து கணக்கிடுவது) அதிகபட்ச பெல்லின் இரண்டு மடங்கை எட்டினால் பெல் இல்லை. அதிகபட்ச பெல் 7,395 என்றால் அது 14,790. குறைந்தபட்ச பெல் வருமானத்தையும் குடும்ப அளவையும் வறுமைக் கோட்டோடு ஒப்பிட்டுக் கொடுக்கப்படுவது. அதனால் வருமானம் குறைவாகக் காட்டி, சொத்து நிறைய வைத்திருந்த சிலருக்கும் அது கிடைத்துவந்தது. அந்த வழி அடைபட்டது. போன வருடம் பெல் வாங்கியவர் இந்த வருடம் ஏன் இல்லை என்று வந்து நிற்பார். பதில் புதியவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கையேடு:

வெபினார் மட்டும் போதாது, அதிலும் இப்போது. 2025 மார்ச்சில் ஃபெடரல் கல்வித் துறை தன் ஆட்களில் ஏறக்குறைய பாதிப்பேரைக் குறைத்தது. சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்கலாம் என்ற நம்பிக்கையில் ஆபீஸ் நடத்த முடியாது. விதி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பிடிக்கும் பழக்கம்தான் முதல் பயிற்சி.

அந்தத் துறையின் மாணவர் உதவிப் பிரிவான எஃப்.எஸ்.ஏ.வின் பார்ட்னர் கனெக்ட் தளத்தில் எஃப்.எஸ்.ஏ. ஹேண்ட்புக் இலவசம். முதல் வாரம் தொகுதி 1, மாணவர் தகுதி. அதோடு விண்ணப்பம், வெரிஃபிகேஷன் (விவரச் சரிபார்ப்பு) வழிகாட்டி. பிறகு தொகுதி 3, செலவுக் கணக்கும் பேக்கேஜிங்கும் (ஒருவருக்கு எந்த உதவி எவ்வளவு என்று சேர்த்துக் கொடுப்பது). அடுத்து 7 பெல், 8 நேரடிக் கடன். தொகுதி 5 முழுக்க ஆர்2டி4. கணக்குமேசை சொல்வதுபோல் அதை முதலில் வைத்தாலும் தவறில்லை, ஆனால் தொகுதி 1-ஐ மட்டும் தாண்டாதீர்கள். எஃப்.எஸ்.ஏ. டிரெய்னிங் சென்டரில் அடிப்படைப் பயிற்சி வகுப்பும் இலவசம். நிதி உதவி அலுவலர்களின் சங்கமான நாஸ்ஃபாவின் தலைப்புவாரித் தேர்வுகளுக்குப் பணம் கட்ட வேண்டும், முதலாண்டில் அவசரமில்லை. பேக்கேஜிங்கும் ஆர்2டி4-ம் கைவந்த பிறகு எழுதினால் பயன் உண்டு.

வங்கியிலிருந்து வருபவருக்கு ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். ஃபெடரல் உதவி விண்ணப்பமான ஃபாஃப்சாவில், வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து நேராக வரும் வரித் தகவலுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதைத் திரையிலிருந்து படம் பிடித்து மெயிலில் அனுப்புவது, வேறு பிரிவுக்குக் காட்டுவது எல்லாம் கூடாது. அந்தத் தகவலை எடுக்க மாணவரும் பெற்றோரும் சம்மதம் தராவிட்டால் ஃபெடரல் உதவி எதுவுமே கிடையாது. வரித் தாக்கல் செய்யாத பெற்றோரும் சம்மதம் தந்தாக வேண்டும். பெற்றோர் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் இங்கேதான் தடுக்கி நிற்கின்றன.

அட்மிஷன்ஸிலிருந்து வருபவருக்குப் போலி மாணவர் விஷயம் கொஞ்சம் தெரிந்திருக்கும். பெயர் மட்டும் பதிவாகி, உதவித்தொகையை வாங்கிக்கொண்டு மறையும் கூட்டம் கம்யூனிட்டி காலேஜ்களைத்தான் குறிவைக்கிறது. அதனால் 2025 ஜூனில் துறை, முதன்முறை விண்ணப்பிப்பவர்களில் தேர்ந்தெடுத்தவர்களின் அடையாளத்தைக் காலேஜே பார்க்க வேண்டும் என்றது. நேரில் அல்லது நேரலை வீடியோவில், செல்லுபடியாகும் அரசு புகைப்பட அடையாள அட்டையோடு. மெயிலில் வந்த ஸ்கேன் போதாது. யார் பார்த்தார், எந்தத் தேதியில், எந்த அட்டை என்று எழுதிவைக்க வேண்டும்.

ஏரிக்கரை:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். 12 கிரெடிட் பதிவு செய்து, ஒரு வகுப்புக்கு ஒரு நாள்கூட வராமல், மற்றதையும் அக்டோபரில் விட்டுவிட்டால் எதை முதலில் செய்வது?

கணக்குமேசை:

முதல்ல பெல்லைத் திரும்பப் போடணும், அப்புறம்தான் ஆர்2டி4. தொடங்கவே தொடங்காத 3 கிரெடிட் பெல்லுக்குக் கணக்கில்ல. 12-ல 9 ஆனா 75%. மேல சொன்ன 3,500 டாலர் பெல் 2,625 ஆகும். 875-ஐ முதல்ல திருப்பிட்டு, 2,625-ஐ வச்சு ஆர்2டி4 தொடங்கணும். வரிசை மாறினா ரெண்டு தொகையும் தப்பு.

இதுக்கு யார் வகுப்புக்கு வந்தாங்கன்னு தெரியணும். ஆன்லைன் வகுப்புல லாகின் பண்ணினது மட்டும் வருகை ஆகாது. வினாடிவினா எழுதியிருக்கணும், வேலை சமர்ப்பிச்சிருக்கணும், பாடத்தைப் பத்தின விவாதத்துல கலந்திருக்கணும், இல்ல ஆசிரியர்கிட்ட பாடம் பத்திக் கேட்டிருக்கணும். அதே மாதிரி செமஸ்டர் முடிவுல எல்லாமே எஃப் வாங்கினவங்க பட்டியலை எடுத்து, செமஸ்டர் முடிஞ்ச 30 நாளுக்குள்ள யார் சொல்லாம விலகினாங்கன்னு தீர்மானிக்கணும். கடைசியா பாடத்துல பங்கெடுத்த தேதிக்கு ஆதாரம் இருந்தா அதை எடுத்துக்கலாம், இல்லன்னா செமஸ்டர் பாதின்னு வச்சு 50% போடணும்.

உங்க தேதிப்படி கிரேடு டிசம்பர் நடுவுல வரும், அப்புறம் கிறிஸ்துமஸ் விடுமுறை. 30 நாள் ஜனவரி 10-ல முடியுது, அது ஞாயிறு. ஆசிரியர்கள் கிரேடு ஏத்தும்போதே எஃப் போட்டா கடைசியா பங்கெடுத்த தேதியையும் நிரப்பாம சேவ் ஆகாதபடி ரெஜிஸ்ட்ராரை அந்தத் திரையை மாத்தச் சொல்லுங்க. ஃபால் தொடங்குறதுக்கு முன்னாடியே கேட்டாத்தான் டிசம்பருக்குள்ள நடக்கும்.