பொருள்: ‘டைத் பார்ன்’ (tithe barn) – தமிழில் களஞ்சியமா, களக்கூடமா?

> பார்ன் என்பதற்குக் ‘களஞ்சியம்’ என்று அகராதியிலேயே இருக்கிறது. கிரேட் காக்ஸ்வெல் கட்டுரையில் ‘தசமபாகக் களஞ்சியம்’ என்று போட்டு முடித்துவிடலாமே.

ஐயா, வணக்கம். முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தத் தொடரின் இரண்டு பாதிகளும் இங்கிலாந்தின் கிரேட் காக்ஸ்வெல் ஊரில் நிற்கும் அந்தப் பழைய பண்ணைக் கட்டடத்துக்குப் பொருந்தவில்லை.

பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். களஞ்சியத்தில் இருப்பது அடித்துத் தூற்றிய தானியம். பார்னுக்குள் போனதோ அறுத்துக் கட்டிய கோதுமை, பார்லிக் கதிர்க்கட்டுகள். வெயிலை நம்பித் திறந்த களத்தில் கதிரடிக்கும் வசதி இங்கிலாந்து உழவருக்கு இல்லை. கட்டுகளைக் கூரைக்கடியில் அடுக்கிவிட்டு, குளிர்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே அடித்தார்கள். நெடுஞ்சுவர்களில் எதிரெதிராக இரண்டு பெருவாசல்கள், நடுவே அடிக்கும் தளம். கதவுகளைத் திறந்துவிட்டால் ஊடே பாயும் காற்றில் பதர் பறந்துவிடும். களமே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம். தூற்றிய தானியம் அதன் பிறகுதான் ‘கிரானரி’ என்ற வேறோர் இடத்துக்குப் போகும். களஞ்சியம் என்ற சொல் அதற்கு உரியது. பார்னுக்கும் அதையே கொடுத்துவிட்டால், இரண்டும் ஒரே பண்ணையில் நிற்கும்போது என்ன செய்வோம்? ஆகவே ‘களக்கூடம்’ என்பது என் முன்மொழிவு.

> ‘கதிர்க்கொட்டில்’ இன்னும் எளிமையாக இல்லையா?

எளிமைதான், அம்மா. ஆனால் கொட்டில் என்றதும் வாசகர் மனம் மாட்டைத் தேடிப் போய்விடும். காக்ஸ்வெல் கட்டடம் 152 அடி நீளம், 44 அடி அகலம், 48 அடி உயரம். உயர்ந்த கல்பீடங்களின் மேல் இரண்டு வரிசையாக நிற்கும் ஓக் மரத்தூண்கள் உள்வெளியைத் தேவாலயம் போல நடுப்பத்தியாகவும் இரு பக்கப்பத்திகளாகவும் பிரிக்கின்றன. கூரைக்கு ஓடாக வேய்ந்திருப்பதும் கல்லே. பக்கத்துக் கெல்ம்ஸ்காட் ஊரில் வாழ்ந்த கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மாரிஸ் இதை வியந்து போற்றியவர். அவர் வியந்ததைக் கொட்டில் என்று எழுத என் கை வரவில்லை. ‘மண்டபம்’ கோயில் பக்கம் இழுக்கும். கூடம் நடுவாக நிற்கிறது.

இனி முன்பாதி. ‘தசமபாகம்’ தமிழ் விவிலியத்தில் ஊன்றிய சொல், அதை மாற்ற வேண்டாம். விளைச்சலில் பத்தில் ஒன்றை ஊர்த் தேவாலயத்துக்குக் கொடுப்பது டைத். 1836ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைப் பணமாகச் செலுத்தும் முறைக்கு மாற்றியது. அதுவரை பல ஊர்களில் பத்தாவது கதிர்க்கட்டு நேரே போய்ச் சேர்ந்த கட்டடமே டைத் பார்ன். ஆனால் காக்ஸ்வெல் அந்த வகை அல்ல! இங்கிலாந்து மன்னர் ஜான் இந்தப் பகுதி நிலங்களைச் சிஸ்டெர்சியத் துறவிகளுக்கு, அதாவது ஒரு கத்தோலிக்கத் துறவற சபையினருக்கு, கொடுத்தார். பியூலி மடம் அவர்களுடையது. அந்த மடம் தன் பண்ணையின் சொந்த விளைச்சலை வைக்க 1292 வாக்கில் கட்டியது இது. மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில் 1538இல் மடம் கலைக்கப்பட்டது. கட்டடம் தப்பியது, 1956 முதல் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது. பெரிய பழைய பார்ன் எதைக் கண்டாலும் ‘டைத் பார்ன்’ என்று அழைப்பது ஆங்கிலேயர் வழக்கம். அந்தத் தளர்ச்சியை நாமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

எனவே பொதுச்சொல் களக்கூடம். தசமபாகம் உண்மையில் வந்து சேர்ந்த இடங்களுக்குத் தசமபாகக் களக்கூடம். காக்ஸ்வெலுக்கு மடப்பண்ணைக் களக்கூடம். சற்று நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

> கட்டுரை முழுவதும் ‘பாரிஷ்’ என்பதைப் ‘பங்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே?

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி. தேவாலயம் வரும் இடங்களில் மட்டுமே ‘பங்கு’ சரி. 1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர் நிர்வாகத்துக்கான பாரிஷ் மன்றங்கள் தனியாகவே இயங்குகின்றன. அவற்றுக்குப் பாதிரியாரோடு தொடர்பில்லை. அங்கே ‘ஊராட்சி’ என்று திருத்திவிடுகிறேன். காக்ஸ்வெல் ஊரின் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயம் பற்றிய பத்தியில் ‘பங்கு’ அப்படியே இருக்கட்டும். மறுப்பு இருந்தால் கட்டுரை அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.