ஜெபம் வறண்டுபோன நாட்களில் புதுப்பெலன் என்பது என்ன?

கேள்வி: பாளையங்கோட்டை வாசகி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பக்கவாதத்தால் படுத்திருக்கும் என் தாயாரை மூன்று ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். விடியற்காலையில் எழுந்து, படுக்கைப் புண் வராமலிருக்க அவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சியை வடிகட்டி ஊட்டி முடித்துவிட்டு வேதாகமத்தைத் திறந்தால், கண்கள் வரிகளின்மேல் ஓடுகின்றனவே தவிர மனம் ஒட்டுவதில்லை. ஆராதனையில் பாமாலை பாடும்போது முன்பெல்லாம் கண்ணீர் வரும். இப்போது உதடு மட்டும் அசைகிறது. வீட்டிற்கு ஜெபிக்க வந்த ஒருவர், விசுவாசம் குறைந்ததே காரணம், உபவாசித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிச் சென்றார். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்று ஏசாயா 40ஆம் அதிகாரம் கூறுகிறதே, அந்தப் புதுப்பெலன் என்பது நான் இழந்த அந்த உணர்ச்சி திரும்பி வருவதுதானா? அது வராவிட்டால் நான் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போனவளா?

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாசரேத்

மகளே, நீ பின்வாங்கிப் போகவில்லை. அந்த வாக்குத்தத்தம் உற்சாகமாய் இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதன்று. நகரமும் தேவாலயமும் இடிந்து, பாபிலோனில் சிறையிருந்து, தேவன் தங்களை மறந்துவிட்டார் என்று முறையிட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது. 'புதுப்பெலன் அடைவார்கள்' என்னும் இடத்தில் எபிரெயத்தில் நிற்கும் சொல்லுக்கு மாற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். சிறையிலிருந்து வந்த யோசேப்பு பார்வோன்முன் நிற்குமுன் தன் வஸ்திரத்தை மாற்றினான் என்று ஆதியாகமம் கூறும்போதும் அதே வேர்ச்சொல்தான் வருகிறது. பழைய பெலனைத் தேடிப்பிடிப்பது அன்று, தீர்ந்துபோனதைக் கழற்றி வைத்துவிட்டு அவருடையதை வாங்கி உடுத்திக்கொள்வது என்றே நான் அதை வாசிக்கிறேன்.

பவுல் உபத்திரவத்தோடு சேர்த்துச் சொல்லும் 'பொறுமை'யையும் கவனி. கிரேக்கச் சொல்லின் பகுதிகளைப் பிரித்தால், 'கீழே தங்கியிருத்தல்' என்று வரும். நம் மொழியிலோ 'பொறை' என்றால் பொறுமை, சுமை இரண்டுமே. நம் பக்கத்துப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பாய். விறகுக்கட்டைத் தலையில் சுமந்து வருகிறவள், கை கொடுக்க ஆள் இல்லாமலே கட்டை அதன்மேல் சரித்து வைத்துச் சற்று நின்று, பிறகு தானே தலைக்கு மாற்றிக்கொண்டு போகும்படி அந்த உயரத்தில் நட்டிருப்பார்கள். கட்டு அங்கேயே நின்றுவிடுவதில்லை. பாரஞ்சுமக்கிறவர்களை அழைத்து இளைப்பாறுதல் தருவேன் என்ற இயேசு, அடுத்த வசனத்திலேயே தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்வது எனக்கு இப்படித்தான் விளங்கியது.

பதில்: தூத்துக்குடி வாசகர்

நான் கத்தோலிக்கன். எங்கள் அன்றாட வேளைச் செபங்களின் தொகுப்பான திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்திற்கு 88ஆம் திருப்பாடல் (நீங்கள் சங்கீதம் என்பது) வைக்கப்பட்டிருக்கிறது. மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் புகழ்ச்சிக்குத் திரும்பும்; இது திரும்பாது, இருளிலேயே முடியும். அதை வாரந்தோறும் வாயில் எடுக்கும்படி திருச்சபை கொடுத்திருக்கிறது என்றால், இருட்டில் நின்று முறையிடுவதும் செபமே என்று அது ஏற்றுக்கொண்டிருக்கிறது. சகோதரி, சொந்தச் சொற்கள் வராத நாளில் அந்தப் பாடலைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

உபவாசம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாக விரும்பி மரத்தடியில் படுத்துக்கொண்ட இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் அறிவுரை எதுவும் கூறவில்லை. தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து எழுப்பினார். அவர் உண்டுவிட்டு மறுபடியும் தூங்கியபோது தூங்கவும் விட்டார். இரண்டாம் முறை உண்ட பிறகே ஓரேப் மலைக்கு நடந்தார். மூன்று ஆண்டு உறக்கம் கெட்டவரிடம் உணவை விடச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

பதில்: செவிலியர், திருநெல்வேலி

அக்கா, டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து காயமடைந்தவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். வலி நீங்காமலே அங்கிருந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் கல்லறைமேல் பெயர் பொறித்த கல் கிடையாது. பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியும், அதில் 'அம்மா' என்ற ஒரு சொல்லுமே உண்டு. ஆனால், அவரைக் கவனித்துக்கொள்ளச் சுற்றிலும் ஒரு குடும்பமே இருந்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நீங்களோ தனியாகப் புரட்டுகிறீர்கள். முறை வைத்து வந்து உட்காரும்படி உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடம் கேளுங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்னதும் வேதம்தானே.

கேள்வி கேட்டவர்

ஐயா, சகோதரரே, தங்கையே, உங்கள் பதில்களை அம்மாவின் கட்டிலருகே இருந்து இரண்டுமுறை வாசித்தேன். சங்கத்து அக்கா ஒருவரிடம் தயக்கத்தோடு கேட்டதற்கு, இதை ஏன் முன்பே கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் வந்திருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரமும் நான் தூங்கப் போகிறேன். 88ஆம் சங்கீதத்தில் அடையாள நாடாவை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு அம்மாவுக்கும் கேட்கும்படி வாசிப்பேன்.