வயதானவர்களுக்கு விழுங்குவதில் சிரமம்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

தஞ்சாவூர் மகள்

அப்பாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. எல்லோருடைய கவனமும் அவர் நடையில்தான் இருந்தது. இட்லி சாப்பிட்டார், குழைந்த சாதம் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தால் மட்டும் புரையேறும். "யாரோ நினைக்கிறாங்க" என்று அம்மா தலையில் தட்டிவிடுவார்.

அப்புறம் காய்ச்சல், சளி, நிமோனியா. மருந்தில் அடங்கியது, மறுபடி வந்தது. அப்போது பார்த்த நுரையீரல் மருத்துவர் முதலில் கேட்டதே, "சாப்பிடும்போது இருமுவாரா?" என்றுதான். ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னார். பேச்சு நன்றாகத்தானே இருக்கிறது, அங்கே எதற்கு என்று அண்ணன் கேட்டான். பேசவும் விழுங்கவும் பயன்படுவது அதே நாக்கு, அதே தொண்டை. அதனால் இரண்டுக்கும் பயிற்சி கொடுப்பது அவர்கள்தான்.

எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்ததை விழுங்கச் சொல்லி, எக்ஸ்ரே வீடியோவாக எடுத்தார்கள். நாம் விழுங்கும் அந்த ஒரு நொடியில் குரல்வளை மேலேறி மூச்சுப்பாதை மூடிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்கு அது தாமதமாக நடந்தது. மசித்த உணவு மெதுவாக இறங்குவதால் அவகாசம் கிடைக்கிறது. தண்ணீரோ மூச்சுப்பாதை மூடும் முன்பே அதனுள் ஓடிவிடுகிறது.

வாய் படாமல் தூக்கிக் குடிப்பது அப்பாவின் வாழ்நாள் பழக்கம். தலையை அண்ணாந்தால் தண்ணீர் நேரே தொண்டையில் விழும், தடுத்து நிறுத்த நாக்குக்கு வழியே இல்லை. அதை விடச் சொன்னபோதுதான் மனிதர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். எச்சில் பண்ணிக் குடிப்பதா என்றார். அவருக்கென்று தனி டம்ளர், வேறு யாரும் தொடமாட்டோம் என்று அம்மா சொன்ன பிறகுதான் சம்மதித்தார். இப்போது முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு மடக்கு குடிப்பார், அது இறங்கிய பிறகே அடுத்தது. முகவாயைத் தாழ்த்துவது எல்லோருக்கும் ஒத்துவராது. வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் அப்பாவுக்குச் சொன்னார்கள்.

இன்னொன்று, ரசம் சாதம். உடம்பு சரியில்லை என்றால் நாம் முதலில் கரைத்துக் கொடுப்பது அதைத்தான். ஆனால் பருக்கையை மெல்லும் நேரத்தில் ரசம் முந்திக்கொண்டு போய்விடும். தயிர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்த சாதம் அவருக்குச் சுலபமாக இறங்குகிறது.

கோவை மருமகள்

என் மாமியாருக்குப் பார்கின்சன். அவர் இருமவே மாட்டார், அதுதான் பெரிய ஆபத்து. உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் எழாமல் இருக்கலாம் என்று தெரபிஸ்ட் எச்சரித்தார். குடித்தபின் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்கிறதா, சாப்பிட வழக்கத்தைவிட நேரம் ஆகிறதா, உடம்பு இளைக்கிறதா என்று கவனிக்கச் சொன்னார். பார்கின்சன் மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்துக்குச் சாப்பாட்டை மாற்றினோம். அதிலேயே பெரிய வித்தியாசம் தெரிந்தது.

தண்ணீரைக் கெட்டியாக்கத் திக்னர் பவுடர் எழுதிக் கொடுத்தார்கள். சோள மாவு போதாதா என்று கேட்டேன். மாவுச்சத்தை எச்சில் கரைத்துவிடும், வாய்க்குள்ளேயே மறுபடி நீர்த்துப்போகும். சாந்தன் கம் வகைப் பவுடர் அப்படி ஆகாது. பதம் பார்க்க 10 மி.லி. சிரிஞ்ச் போதும். நுனியை விரலால் அடைத்து 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 நொடி விட வேண்டும். 4 முதல் 8 மி.லி. வரை மிச்சம் இருந்தால் அது IDDSI என்ற பத அளவுகோலில் இரண்டாம் நிலை, எங்களுக்குச் சொன்ன பதம். சிரிஞ்சின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் தெரபிஸ்ட் காட்டிய வகையையே வாங்குங்கள். கெட்டித் தண்ணீர் மாமியாருக்குப் பிடிக்கவில்லை, குடிப்பதும் குறைந்தது. எவ்வளவு குடித்தார் என்று தினமும் எழுதிவைக்கிறோம்.

ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

இருவரும் சொல்லாத ஒன்று, வாய்ச் சுத்தம். நுரையீரலுக்குள் எச்சில் இறங்கும்போது வாயில் இருக்கும் கிருமிகளும் சேர்ந்தே போகின்றன. காலை, இரவு பல் துலக்குங்கள். பல்செட்டை ராத்திரி கழற்றிவிடுங்கள். மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தாலும் வாயைத் துடைக்க வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரையைக் கேட்காமல் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும்.

நோயாளி தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஊட்டாதீர்கள். நன்றாக விழித்து, நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு கொடுங்கள். சாப்பிட்டு முடித்து 30 நிமிடமாவது படுக்கவிடாதீர்கள்.

என்னை அதிகம் பதறவைத்தவர்கள் பார்க்க வரும் சொந்தக்காரர்கள். பாசத்தில், படுத்திருப்பவர் வாயில் ஸ்பூனால் இளநீரையோ பாலையோ விட்டுவிடுவார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டாம். "டாக்டர் சொல்லியிருக்கார், நாங்களே உட்காரவெச்சுக் கொடுக்கிறோம்" என்று கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். இளநீரிலும் திக்னர் கலக்கலாம்.