தராசு எடைக்கு ஸ்கீமா வேண்டுமா, வேண்டாமா?

செம்மண்:
மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வாங்கும் ஒரு நிறுவை நிலையத்துக்கு நான் செயலி செய்து கொடுத்திருக்கிறேன். லாரி வந்ததும் கிராணி, அதாவது எழுத்தர், போனில் எடையைத் தட்டுவார், அது சர்வருக்கு வரும், சர்வர் சீட்டு அடிக்கும், மாதக் கடைசியில் அந்தச் சீட்டுகளைக் கூட்டித்தான் சிறுதோட்டக்காரர்களுக்குப் பணம். உள்ளே வரும் தரவு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற விதிப்பட்டியலை, அதாவது ஸ்கீமாவை எழுதி, அதற்கு ஒத்து வராததைத் தடுப்பது சரியா என்று நேற்றிரவு ஓட்டுப்பால் அண்ணனோடு பெரிய வாக்குவாதம். ரொட்டி சானாய் கடையில் நாற்காலியைக் கவிழ்க்க ஆரம்பித்த பிறகும் முடியவில்லை, அதனால் இங்கே தொடர்கிறேன்.

என் கட்சி இதுதான்: வெளியிலிருந்து வரும் எதுவும் ஸ்கீமாவைத் தாண்டாமல் உள்ளே போகக் கூடாது. முதல் பதிப்பில் நான் அதை வைக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்டோடு தரவின் வகையையும் (டைப்) எழுத விடும் டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எடை என்பது எண் என்று எழுதியிருந்தேன், அது போதும் என்று நம்பிவிட்டேன். ஆனால் அந்த டைப் எல்லாம் கம்பைல் ஆனதும் அழிந்துவிடும், ஓடும்போது இருப்பது வெறும் ஜாவாஸ்கிரிப்ட். கிராணி 1,250 என்று கமா போட்டுத் தட்டினார். எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்ஃப்ளோட் என்ற கட்டளை கமாவைக் கண்டதும் நின்றுவிட்டு 1 என்று கொடுத்தது. சீட்டில் ஒரு கிலோ. பெரியவர் ஒருவர் அந்தச் சீட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்று. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஓட்டுப்பால்:
தம்பி, நீ சொன்னது உண்மைதான். ஆனால் ஸ்கீமா வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும் இல்லையா? நீ சொல்லாததால் நான் சொல்கிறேன்.

குலை வெட்டும்போது கீழே உதிரும் பழத்தைத் தனிச் சாக்கில் பொறுக்கித் தனியாக நிறுப்பார்கள். நன்றாகப் பழுத்ததுதான் உதிரும், எண்ணெயும் அதில்தான் கூடுதல், யாரும் விட்டுவிட மாட்டார்கள். போன் செயலியில் உதிரிப்பழம் என்று புதிதாக ஒரு கட்டம் வைத்தாய். சர்வர் ஸ்கீமாவில் சேர்க்க மறந்துவிட்டாய். நீ ஸ்கீமா எழுதப் பயன்படுத்தும் ஸாட் (Zod) என்ற நிரல் நூலகம் என்ன செய்யும்? தனக்குத் தெரியாத புலத்தை (தரவுக் கட்டத்தை) சத்தமே இல்லாமல் கழற்றிப் போட்டுவிட்டு மீதியைச் சரி என்று உள்ளே அனுப்பும். பிழைச் செய்தி இல்லை, சர்வரின் பதிவேட்டில் (லாக்) ஒரு வரி இல்லை, போனில் பச்சை டிக். பதினோரு நாள் உதிரிப்பழக் கணக்கு காணாமல் போனது. ஸ்கீமாவே இல்லாமல், வந்ததை வந்தபடி ஒரு டேபிளில் கொட்டி வைத்திருந்தால் அந்தப் பதினோரு நாளும் இன்று நம் கையில் இருந்திருக்கும். கமா போட்டதால் வந்த ஒரு கிலோ சீட்டு அடுத்த நிமிடமே பிடிபட்டது, இது பதினோரு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. எது மோசம், நீயே சொல்.

செம்மண்:
அது என் தவறு அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஸ்கீமாவின் தவறு ஆகாது. ஸாட் இயல்பாகக் கழற்றிவிடும், ஸ்ட்ரிக்ட் என்று வைத்தால் தெரியாத புலம் வந்த உடனே மறுத்துவிடும். ஸ்கீமா எழுதும் இன்னொரு முறையான ஜேசன் ஸ்கீமாவில் (JSON Schema) இதற்கு நேர் எதிர், கூடுதல் புலங்களைத் தடை செய் என்று நாம் எழுதாத வரை எல்லாவற்றையும் விட்டுவிடும். ஸ்ட்ரிக்ட் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஓட்டுப்பால்:
முதல் நாளே தெரிந்திருக்கும், முதல் நாள் கணக்கும் போயிருக்கும். தோட்டத்துக்குள் லைன் கிடைக்காது, கிராணி பகல் முழுக்கப் போனிலேயே சேர்த்து வைத்து, சாயங்காலம் ரோட்டுக்கு வந்த பிறகு அனுப்புகிறார். அப்போது சர்வர் வேண்டாம் என்று திருப்பிவிட்டால் என்ன செய்வது? குலை ஆலைக்குப் போய்விட்டது, மறுபடி நிறுக்க முடியாது. இணையத்தில் பெயர் பதிகிற படிவமாக இருந்தால் ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான், சிவப்பு எழுத்தில் தப்பைக் காட்டினால் திருத்திவிடுவான். நம் தரவு அப்படிப்பட்டதில்லை. நடந்து முடிந்த ஒன்றின் ஒரே சாட்சி அது. சாட்சியை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பாதே என்கிறேன்.

லூனாஸ்காரி:
அண்ணே, பதிவுப் படிவத்திலும் ஆள் எதிரில் இருக்கிறார் என்று நம்ப முடியாது, பலர் வெறுத்துப்போய் மூடிவிடுகிறார்கள். எங்கள் ஊர் டியூஷன் வகுப்புப் பதிவுக்கு ஒருவர் படிவம் செய்து தந்தார். பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டும் வரலாம் என்று விதி. நம் பிள்ளைகள் பெயரில் இன்னாரின் மகன், மகள் என்பதற்கு ஏ/எல், ஏ/பி என்று சாய்கோடு வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறப்புச் சான்றிதழில் இருப்பதை அப்படியே தட்டிய அம்மாக்களுக்குப் பெயர் தவறு என்று வந்தது. பெற்ற பிள்ளையின் பெயரைப் பார்த்து ஒரு இயந்திரம் தவறு என்று சொன்னால் எவ்வளவு வலிக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

போன் எண்ணுக்குப் பத்து இலக்கம் என்று இன்னொரு விதி. 011 எண்களுக்குப் பதினொன்று. அஞ்சல் குறியீட்டை எண்ணாக வைத்திருந்தார், லூனாஸ் 09600 வெறும் 9600 ஆகிவிட்டது. ஐசி எனும் அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான், 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் ஐசி சுழியில்தான் தொடங்கும், எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள சுழி போய்ப் பன்னிரண்டு இலக்கம் இல்லாமல் போய்விடும். கூட்டவோ கழிக்கவோ மாட்டோம் என்றால் அதை ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துச் சரமாகவே வைக்க வேண்டும்.

ஆனாலும் நான் செம்மண் பக்கம்தான். இந்தத் தப்பெல்லாம் ஸ்கீமாவில் எழுதி இருந்ததால்தான் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். விதிகள் பத்துக் கோப்புகளில் சிதறிக் கிடந்திருந்தால் யாரும் தேடியே இருக்க மாட்டோம்.

செம்மண்:
நன்றிக்கா. எண்ணாக மாற்றுவதில் நானும் அடி வாங்கினேன். கமா பிரச்சினைக்குப் பிறகு ஸாடில் கோயர்ஸ் வைத்தேன், ஸ்ட்ரிங்காக வந்தாலும் எண்ணாக மாற்றிக்கொள்ளும். 1,250 வந்தால் இப்போது பிழை என்று சொல்கிறது, நல்லது. ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் அது சுழி ஆகிறது. காலி ஸ்ட்ரிங்கை எண்ணாக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் 0 தருகிறது, மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் (null) கூட 0 ஆகிறது. நிறுக்காத லாரிக்கும் சுழிக் கிலோ சீட்டு. சுழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்த பிறகுதான் நின்றது.

ஓட்டுப்பால்:
பார், இதைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு விதியும் ஒரு அடி வாங்கிய பிறகுதான் வருகிறது, நடுவில் பச்சை டிக்கைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

இன்னொன்று. ஒன்றாம் தேதி காலை ஆறரைக்கு நிறுத்தது, சர்வரில் முந்தின மாதம் முப்பத்தொன்று இரவு பத்தரை என்று நின்றது. நாம் உலகப் பொது நேரமான யூடிசிக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம், நேரத்தை யூடிசியில் சேமித்துத் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் விடியற்காலை எடையெல்லாம் நேற்றைய கணக்கில் விழும். ஒரு மாதப் பணம் அடுத்த மாதப் பணத்தோடு குழம்பிவிட்டது. ஸ்கீமா என்ன சொன்னது? தேதி சரியான வடிவில் இருக்கிறது, போகலாம் என்றது.

லூனாஸ்காரி:
அந்தப் பிழையை எந்த ஸ்கீமாவும் பிடிக்காது அண்ணே, அதற்கு அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிடிக்கக்கூடிய சிலவற்றைக் கூட நாம் கேட்பதில்லை. சரக்கோடு லாரி 3,870, வெறும் லாரி 2,620 என்றால் குலை 1,250. மூன்று எண்ணையும் தட்டுகிறார்கள் இல்லையா, கழித்துப் பார்த்து ஒத்து வரவில்லை என்றால் சொல்லட்டுமே. 1,250ஐ 1,520 என்று மாற்றித் தட்டினால் வடிவத்தில் தவறே இருக்காது, கழித்துப் பார்த்தால்தான் தெரியும்.

செம்மண்:
இதை எழுதிவிட்டேன், ஸாடில் ரிஃபைன் என்று இருக்கிறது, இரண்டு மூன்று புலங்களைச் சேர்த்துப் பார்க்க முடியும்.

அண்ணே, சாட்சியைத் திருப்பி அனுப்பாதே என்று சொன்னீர்களே, அதை இரவெல்லாம் யோசித்தேன். அதில் உங்கள் பக்கம் வந்துவிட்டேன். போனிலிருந்து வருவதை முதலில் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் ஒரு டேபிளில் சேமிக்கிறேன். பிறகுதான் ஸ்கீமா. தேறினால் சீட்டு, தேறாவிட்டால் நிலுவைப் பட்டியல், எந்தப் புலத்தில் என்ன குறை என்ற விவரத்தோடு. எதுவும் தொலையாது. ஆனால் ஸ்கீமாவில் தேறாத ஒன்றுக்குச் சீட்டு அடிக்க மாட்டேன், இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஓட்டுப்பால்:
நிலுவைப் பட்டியலை யார் பார்ப்பது? மழை நாளில் லாரிகள் ரோடு வரை வரிசையில் நிற்கும்போது ஒரே ஒரு கிராணி. மூன்று நாளில் அந்தப் பட்டியலும் பீரோவுக்குள் போன கோப்பு மாதிரி ஆகிவிடும். லாரி தராசு மேல் நிற்கும்போதே போன் கேட்க வேண்டும், லைன் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும். அந்த ஸ்கீமாவைப் போனுக்குள் வை, முதலில்.

செம்மண்:
வைக்கலாம், ஒரே ஸ்கீமாவை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். ஆனால் சர்வரிலிருந்து எடுக்க முடியாது அண்ணே, பழைய பதிப்புச் செயலியோடு இன்னும் இரண்டு போன் ஓடுகிறது, அவை பழைய வடிவத்தில்தான் அனுப்பும்.

ஓட்டுப்பால்:
எடுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிவிலும் செயலியின் பதிப்பு எண்ணைச் சேர்த்து அனுப்பு, பழைய போனுக்குப் பழைய ஸ்கீமா. அப்புறம் அந்தப் பதினோரு நாள் உதிரிப்பழத்துக்கு வருவோம். கிராணி பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாராம், நனைந்தது சிலது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிலையத்துக்கு வா, நான் வாசிக்கிறேன், நீ தட்டு.

லூனாஸ்காரி:
நானும் வருகிறேன். நனைந்த சீட்டில் எண் தெரியாவிட்டால் சுழி போடாதீர்கள், காலியாக வைத்துப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் வையுங்கள்.